கடைசிக் கை

தை மாதம் பிறந்தால் பெல்ற்றில் சாமிகள் வரத் தொடங்கிவிடும்.

நத்தார்ப் பண்டிகை முடிந்து, பரிசு சுற்றிய மினுங்கல் தாள்களும் பியர்ப் பெட்டிகளும் வந்து ஓய்ந்த பிறகு, ஸ்காபரோ வீடுகளின் சுவர்களில் பழைய கலண்டர் இறங்கிப் புதுக் கலண்டர் ஏறும். தமிழ்க் கடைக்காரர் எல்லாரும் போட்டி போட்டுக் கலண்டர் அடித்துக் கொடுத்த காலம் அது. பலசரக்குக் கடை முருகன், நகைக்கடை லட்சுமி, இன்சூரன்ஸ் முகவரின் பிள்ளையார், வீடு விற்பவரின் வேளாங்கண்ணி மாதா. வருடம் முழுக்கக் கும்பிட்ட படத்தை ஆணியிலிருந்து கழற்றியதும் அதை என்ன செய்வதென்று ஒரு வீட்டுக்கும் தெரியாது. கறுப்புக் குப்பைப் பைக்குள் போட மனம் வராது. அதற்குள் மீன் செதிலும் பிள்ளையின் பம்பேர்சும் கிடக்கும். அப்போதுதான் கண்ணில் நீலப்பெட்டி படும். நீலப்பெட்டிக்குள் போவது குப்பை இல்லை. அது வேறொன்றாகத் திரும்பப் பிறக்கும் என்று நகரசபையே வீடு வீடாகத் தாள் அடித்துக் கொடுத்திருந்தது. ஆகவே படத்தைச் சுருட்டி, சிலர் நூலால் கட்டி, சிலர் திருநீறு பூசி, இன்னும் சிலர் துப்புரவான பையொன்றில் போட்டு முடிந்து, நீலப்பெட்டியில் வைத்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டார்கள்.

பாவம் அந்த வீட்டை விட்டுப் போய்விடும். போய், லொறியில் ஏறி, சச்சிதானந்தனிடம் வந்து சேரும்.

சச்சிதானந்தன் அங்கே பகல் ஷிப்ற் சுப்பவைசர். மல்வேர்னின் வடக்கு விளிம்பில், வேலி அடைத்த ஒரே வளவுக்குள் மூன்று வேலை நடந்தது. முன்னால் பெரிய தகரக் கொட்டகை. நீலப்பெட்டிச் சாமான்களைப் பிரிப்பது அங்கே. பின்னால் வெட்டவெளி, இலையுதிர்காலத்தில் ஊரெல்லாம் கூட்டிய இலைகளை நீள நீளமான வரம்புகளாகக் குவித்து உரமாக்குவது அங்கே. பக்கத்தில் ஒரு மேடை. ஒன்றுக்கும் உதவாதென்று கழித்ததைப் பெரிய லொறிகளில் ஏற்றி வடக்கே புதைகிடங்குக்கு அனுப்புவது அங்கிருந்து. சபையிடம் கொன்ராக்ற் எடுத்த ஒரு கம்பனி எல்லாவற்றையும் நடத்தியது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த சச்சிதானந்தன் வந்த புதிதில் பெல்ற்றில் நின்று, பிறகு ஆங்கிலம் எழுதத் தெரிந்ததால் மேலே ஏறி, இப்போது காலையிலிருந்து மாலைவரை எல்லாருடைய முறைப்பாட்டையும் கேட்கிறவனாக ஆகியிருந்தான். கீழே இருப்பவர்கள் மேலே சொல்ல முடியாததை அவனிடம் சொன்னார்கள். மேலே இருப்பவர்கள் கீழே சொல்ல விரும்பாததை அவனிடம் சொன்னார்கள். கொங்கிறீற் தரையில் நடந்து நடந்து முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. கோயிலுக்குப் போவதை விட்டு வெகுகாலம். கடவுளோடு அவனுக்குச் சண்டையும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை.

கடதாசியைச் சுமந்து ஓடும் பெல்ற்றின் இரு பக்கமும் பெண்கள் நின்றார்கள். ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ப் பெண்கள். ஓடிவரும் கடதாசிக்குள்ளிருந்து போத்தலையும் பொலித்தீனையும் எடுத்து எறிவது அவர்கள் வேலை. கலண்டர் வந்தால் அதன் தலையில் இருக்கும் தகரப் பட்டியைக் கிழித்துவிட்டுத் தாளைத் திரும்ப விட வேண்டும். தாள் பெல்ற்றின் முடிவில் பேலர் என்ற அமுக்கு யந்திரத்துக்குள் விழும். அது நசித்துக் கட்டி, கம்பி சுற்றி வெளியே தள்ளும். கட்டுகள் கடதாசி ஆலைக்குப் போகும்.

பெல்ற்றின் தலைமாட்டில் நின்ற தவமணி தகரப் பட்டியைக் கிழிப்பாள். தாளைத் திரும்ப விடமாட்டாள். முகத்தைத் துடைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, காலடியில் கட்டியிருந்த வெறும் சாக்குக்குள் வைப்பாள். அவளுக்கு எதிரே நின்ற எமில்டா தன் பங்குக்கு மாதாவையும் திரு இருதயத்தையும் எடுத்து அதே சாக்கில் போடுவாள். மற்றப் பெண்களும் தங்கள் கையில் அகப்பட்டதைத் தவமணி பக்கம் கைமாற்றிவிடுவார்கள். சாக்கு நிறைந்தால் அது பின்னாலிருக்கும் பழைய பம்ப் அறைக்குப் போகும். இது மூன்றாவது மாரி. சச்சிதானந்தன் கண்டும் காணாதவன் போல இருந்தான். சாக்கில் என்ன இருக்கிறதென்று கேட்டால் பதிலும் கேட்க வேண்டி வரும். போதாததற்கு, தவமணி ஒவ்வொரு நாளும் தன் சாப்பாட்டோடு அவனுக்கும் இரண்டு றொட்டி, ஒரு பொட்டலம் சம்பல் கொண்டுவந்து மேசையில் வைக்கிறவள்.

பொங்கலுக்கு மறுநாள் விஷயம் கெட்டது. கதவளவு லட்சுமி ஒன்று குப்புற வந்து, தவமணியைக் கடந்து போனபிறகுதான் காற்றில் திரும்பி முகத்தைக் காட்டியது. தவமணி யோசிக்கவில்லை. தலைக்கு மேலே ஓடிய சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டாள். யாருடைய கையாவது யந்திரத்துக்குள் அகப்பட்டால் இழுக்க வேண்டிய கயிறு அது. கொட்டகை முழுவதும் ஒரே மூச்சில் நின்றுபோனது.

மனேச்சர் கிரெய்க் மேல்மாடி அலுவலகத்திலிருந்து ஓடிவந்தான். யாருக்கும் காயமில்லை என்று கண்டதும் முகத்தில் வந்த ஆறுதல், லட்சுமியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற பெண்ணைக் கண்டதும் குழப்பமாகியது. படம் வழுக்கிக் காலில் சிக்கியதால் பயந்து இழுத்ததாகச் சச்சிதானந்தன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். கிரெய்க் தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் போன வழியில், வியாழக்கிழமை தீயணைப்புப் பரிசோதகர் வரப்போகிற நினைப்பில், பூட்டாத கதவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனான். பம்ப் அறைக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. உள்ளே சாக்குகள் முகடுவரை. முன் சாக்கின் மேல் ஒரு பிள்ளையார் எல்லாருக்கும் தெரியும்படி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தார். அவருக்கு முன்னால் ஒரு பிளாஸ்ரிக் ரோசாப்பூவும் ஒரு தோடம்பழமும்.

"இது யாருடைய வீடு?" என்று கிரெய்க் கேட்டான்.

சச்சிதானந்தன் தன்னால் இயன்றவரை விளக்கினான். கிரெய்க் கெட்டவன் இல்லை. அடுத்த வருடம் கொன்ராக்ற் முடிகிறது. புதுக் கம்பனி வந்தால் தன்னை வைத்திருக்குமா என்று தெரியாத, நெஞ்செரிவுக்கு மாத்திரை போடுகிற மனிதன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: வியாழன் காலை இந்த அறை வெறுமையாக இருக்க வேண்டும். மின்சாரப் பெட்டி இருக்கும் அறையில் இவ்வளவு கடதாசியைக் கண்டால் பரிசோதகர் கொட்டகையையே பூட்டிவிடுவார். இதைச் செய்தவரின் பெயரும் வேண்டும். கயிற்றை இழுத்ததும் அதே ஆள் என்றால் அந்த ஆள் இங்கே இருக்க முடியாது.

"அறை வெறுமையாகிவிட்டால் பெயர் எதற்கு?" என்றான் சச்சிதானந்தன்.

"திரும்ப நிறையும். அதற்குத்தான்."

"நிறையாது."

"யார் பொறுப்பு?"

சச்சிதானந்தனுக்குக் களைப்பாக இருந்தது. களைத்த மனிதன் சுருக்கமான பதிலைத்தான் தேடுவான். "நான்" என்றான்.

மத்தியானச் சாப்பாட்டு அறையில் பெண்களிடம் விஷயத்தைச் சொன்னான்.

"வியாழக்கிழமைக்கிடையில அறை துப்புரவா இருக்கவேணும். பேப்பரோட பேப்பரா பேலருக்குள்ள போட்டால் அலுவல் முடிஞ்சுது."

முதலில் சிரித்தது எமில்டா. "ஆர் போடுறது?"

"ஆராவது."

"ஆராவது எண்டு பேரோட இஞ்ச ஒருத்தரும் வேலை செய்யேல்லை, அண்ணை."

தவமணி சோற்றைக் குழைத்தபடி நிமிராமல் சொன்னாள்: "எங்கட கையால சாமியை நசிக்க மாட்டம்."

"நசிக்கிறது நீங்களில்லை. மிஷின்."

"மிஷினுக்குப் பட்டன் அமத்துறது ஆர்? மிஷினோ?"

"அப்ப வடக்க கிடங்குக்குப் போற லொறியில ஏத்தி விடட்டோ?"

"ஐயோ, பம்பேர்சோடயோ!" என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

கதவடியில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்த நீக்கிலாஸ் தொண்டையைச் செருமினான். அள்ளிக் கொட்டும் லோடரை ஓட்டுகிறவன்; யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்து ஆள்; பின்வெளியின் உரக் குவியல்களைக் கிளறிப் புரட்டுவதும் அவன்தான். "அண்ணை, என்னட்ட விடுங்கோ. இலைக் குவியலுக்குள்ள தாழ்த்துவம். வெளியில ஸ்நோ, உள்ளுக்கு கை வைக்கேலாத சூடு. சித்திரைக்கிடையில எல்லாச் சாமியும் நல்ல பசளை."

"உந்தக் குவியலுக்குள்ள வேற என்ன போடுறவை?" என்று தவமணி கேட்டாள்.

"இலைதான் அக்கா. மேப்பிள் இலை. கொடியில பறக்கிற அதே இலை. இதைவிட மரியாதை என்ன வேணும்?"

பெண்கள் சிரித்தார்கள். மண்ணுக்குப் போவது யாருக்கும் மறுப்பில்லை என்று தெரிந்தது. அந்த நிம்மதியைக் கெடுக்கிற வேலையும் சச்சிதானந்தனுக்கே விழுந்தது. மினுங்கல் கடதாசியை உரத்தில் சேர்க்க விடமாட்டார்கள். அந்த மை மண்ணுக்குள் போகும். வசந்தத்தில் உரத்தைப் பரிசோதித்த பிறகுதான் சனங்களுக்குச் சும்மா கொடுப்பது. அதை அள்ளிக்கொண்டு போய்த்தான் தக்காளி நடுகிறார்கள். பரிசோதனையில் பிழை வந்தால் முழு வரம்பையும் ஏற்றிப் புதைகிடங்குக்கு அனுப்ப வேண்டியதுதான்.

"அப்ப பிள்ளையார் சுத்திக்கித்தி வடக்கதான் போவார்" என்றான் நீக்கிலாஸ். ஒருவரும் சிரிக்கவில்லை.

இடைவேளை முடிந்து மற்றவர்கள் எழுந்து போக, தவமணி பாத்திரத்தை மூடியபடி பின்தங்கினாள்.

"என்ர பேரைக் கேட்டவனோ?"

"கேட்டவன். நான் சொல்லேல்லை."

"சொல்லுங்கோ. நான் இல்லையெண்டு சொல்ல மாட்டன்."

"சொன்னால் துவாரகா?"

தவமணியின் ஒரே மகள் துவாரகா. முந்திய ஐப்பசியில் போருக்கு அஞ்சி யாழ்ப்பாணமே வெளிக்கிட்டு நடந்தபோது சித்தியோடு நடந்து, வன்னி தாண்டி, இப்போது கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவளை இங்கே எடுப்பிக்க ஸ்பொன்சர் கடதாசிகள் அனுப்பியாகிவிட்டன. பிள்ளை பத்தொன்பதைத் தாண்டினால் தாயோடு சேர முடியாது. தாய்க்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்று குடிவரவு அலுவலகத்திலிருந்து எந்த நாளும் ரெலிபோன் வரலாம். அந்த ரெலிபோன் சச்சிதானந்தனின் மேசையில்தான் இருந்தது.

தவமணி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவளுக்காகத்தான் அண்ணை நான் உதைச் செய்யிறது. பெல்ற்றில வாற ஒரு சாமியையும் குப்பையில போக விடமாட்டன், என்ர பிள்ளையை நீ றோட்டில விடாத எண்டு நேந்தனான். ஒவ்வொரு படத்தையும் அவளின்ர பேரைச் சொல்லித்தான் எடுக்கிறன். இப்ப நானே தூக்கி மிஷினுக்குள்ள போட்டால்?"

போட்டால் நேர்த்திக்கடன் முறியும். போடாவிட்டால் வேலை முறியும். எது முறிந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அது துவாரகாவில்தான் போய் முட்டியது.

மாலையில் அவன் வீட்டுக்குப் போகாமல் அஜின்கோர்ட்டுக்குப் போனான். ரயர்க் கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவே, ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தின் பகுதியை வாடகைக்கு எடுத்துக் கோயில் ஆக்கியிருந்தார்கள். தர்மகர்த்தா செல்வரட்ணத்தைச் சச்சிதானந்தனுக்குத் தெரியும். பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். பெல்ற்றில் வரும் முருகன்களில் பாதி அவர் கடை முருகன்.

விஷயத்தைக் கேட்ட செல்வரட்ணம் சாவியை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்க அறையொன்றைத் திறந்து காட்டினார். அங்கேயும் முகடுவரை.

"நீர் என்னட்டக் கொண்டு வாறீர். நான் உம்மட்டக் கொண்டு வருவம் எண்டு இருந்தனான். சனம் விடியக் காலமை வந்து வாசல்ல வைச்சிட்டு ஓடுது. போன கோடையில எங்கட பெடியள் ரெண்டு பேர் ஆத்தில விடப் போய் பொலிஸ் பிடிச்சு, நான் போய்க் கதைச்சு எடுத்தது."

"அண்ணை, வாற வருசம் கலண்டரைச் சாமி இல்லாமல் அடிச்சால் என்ன?"

"அடிச்சுப் பாத்தனான். நயாகரா. நல்ல வடிவான படம். சனம் கையாலயும் தொடேல்லை. நயாகராவைக் கும்பிடேலாது எண்டு ஒரு மனிசி என்ர முகத்துக்கே சொல்லிட்டுது. அந்தக் கட்டு முழுக்க உங்களிட்டத்தான் வந்திருக்கும்."

வந்திருக்கத்தான் வேண்டும். யாரும் கவனிக்கவில்லை. நயாகரா ஒரு சிக்கலும் இல்லாமல் பேலருக்குள் விழுந்திருக்கும்.

பூசை முடித்துவிட்டுச் சால்வைக்கு மேலே தடித்த ஜக்கெற் போட்டபடி வந்த ஐயர் இடையில் புகுந்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? கும்பிட்டு, போயிட்டு வாங்கோ எண்டு விடை குடுத்திட்டால் பிறகு அது கடதாசிதான். ஒரு தோஷமும் இல்லை."

சச்சிதானந்தனுக்கு முதல் தடவையாக ஒரு வழி தெரிந்தது போலிருந்தது. "அப்ப ஐயா ஒருக்கா வந்து நீங்களே விடை குடுத்து, நீங்களே போட்டு விடுங்கோவன். காரில கூட்டிக்கொண்டு போறன்."

ஐயர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "நான் பூசை செய்யிற கை, தம்பி" என்றார் தணிந்த குரலில்.

செல்வரட்ணம் அறையைப் பூட்டினார். "ஊரில எண்டால் இப்பிடியான அலுவலுகளுக்கு ஆக்கள் இருந்தவை..." என்று தொடங்கியவர், சச்சிதானந்தனின் முகத்தைக் கண்டு நிறுத்தி, கடையில் நல்ல கருவாடு வந்திருப்பதாகச் சொன்னார்.

புதன்கிழமை ஷிப்ற் முடிந்தபிறகு ஒரு பெண்ணும் பஸ்சுக்குப் போகவில்லை. நீக்கிலாஸ் லோடரைக் கொண்டுவந்து அறை வாசலில் நிறுத்தினான். "பக்கற்றால அள்ள வேண்டாம்" என்றாள் தவமணி. சாக்குகளைத் தோளிலும் தலையிலும் சுமந்து பேலரடிக்குக் கொண்டுவந்தார்கள். மிஞ்சியிருந்த தகரப் பட்டிகளை மேசையில் வைத்துக் கிழித்தார்கள். ஐயர் சொன்னதைச் சச்சிதானந்தன் அவர்களுக்குச் சொல்லியிருந்தான். விடை கொடுக்கக் கற்பூரம் வேண்டுமே என்று ஒருத்தி இழுக்க, பேலருக்கு மேலே தொங்கிய 'நெருப்புப் பற்றவைக்காதே' பலகையை எமில்டா கையால் காட்டினாள். கடைசியில் தவமணி ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைத் தெளித்தாள். கையைக் கூப்பினாள். யந்திரங்கள் நின்றிருந்ததால் அவள் மெல்லச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"போயிட்டு வாங்கோ."

எமில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். சாக்குகளைக் கவிழ்த்தார்கள். முருகனும் மாதாவும் லட்சுமியும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து பேலரின் குழிக்குள் விழுந்தார்கள். பிறகு எல்லாரும் பின்னால் நகர்ந்து நின்றார்கள். பச்சைப் பட்டனுக்குக் கிட்ட ஒருவரும் இல்லை.

சச்சிதானந்தன் நீக்கிலாசைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காதேங்கோ அண்ணை."

"உனக்கென்னடா? நீ இதுகளைக் கும்பிடுறேல்லையே."

"அதுதான் பிரச்சினை. நான் வேதக்காரன். நான் அமத்தினால் நாளைக்கு என்ன கதை வரும்? வேதக்காரன் சைவச் சாமியளை நசிச்சவன் எண்டு மல்வேர்ன் முழுக்கச் சொல்லுவினம். எங்கட மாதாவும் உள்ளுக்கு இருக்கிறா எண்டது ஒருத்தருக்கும் ஞாபகம் வராது." லோடரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்போது சச்சிதானந்தனுக்கு முழுதாக விளங்கியது. வீட்டுக்காரர் நீலப்பெட்டிக்குத் தள்ளினார்கள். பெட்டி லொறிக்குத் தள்ளியது. லொறி பெல்ற்றுக்கு, பெல்ற் தவமணிக்கு, தவமணி சாக்குக்கு. கோயில் ஒரு பூட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது. எல்லாருக்கும் பக்தி இருந்தது, எல்லாருக்கும் கைகளும் இருந்தன. கடைசிக் கை மட்டும் இருக்கவில்லை. நம்பிக்கை இல்லாதவனுக்கு இது லேசாக இருக்க வேண்டுமென்று அவன் நினைத்தான். கையுறைக்கு மேலாலும் பட்டனின் குளிர் தெரிந்தது. கையுறையைக் கழற்றாமலே அமத்தினான்.

பெரிய மாடொன்று மூச்சு விடுவது போன்ற சத்தம். திரும்பத் திரும்ப. பிறகு கம்பி சுற்றும் கிறீச்சொலி. கட்டு மெல்ல வெளியே வந்தது. பக்கவாட்டில் மயில் தோகையின் ஒரு கீற்று, ஒரு பாதம், தாமரையின் பாதி. மூன்று மாரியின் சாமிகள் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கட்டுக்கூடத் தேறவில்லை.

அவன் திரும்பியபோது பெண்கள் எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தவமணி முதலாவதாக வெளியே போனாள்.

வியாழன் காலை பரிசோதகர் பம்ப் அறைக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார். வாசலில் தொங்கிய தீயணைப்பான் காலாவதியாகிவிட்டதென்று சொல்லிவிட்டுப் போனார். கிரெய்க் பெயர் கேட்கவில்லை. "நிறையாதுதானே?" என்று மட்டும் கேட்டான். "நிறையாது" என்றான் சச்சிதானந்தன்.

அன்று மேசையில் றொட்டி இருக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. குடிவரவு அலுவலகத்துக்குக் காட்டக் கிரெய்க்கிடம் ஒப்பம் வாங்கிய வேலைக் கடிதத்தை அவன் நீட்டியபோது, தவமணி கையை நீட்டவில்லை. அவன் மேசையில் வைத்தான். வைத்த பிறகு எடுத்தாள். சச்சிதானந்தனுக்கு அந்த அசைவு தெரிந்த அசைவாக இருந்தது. ஊரில் தன் தகப்பன் சில ஆட்களுக்கு அப்படித்தான் கை படாமல் காசு வைத்தவர், சாமான் எடுத்தவர். அதற்குப் பெயரிட அவனுக்கு விருப்பமில்லை. தவமணிக்கும் அது தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை. கை தானாகப் பின்வாங்கியிருந்தது.

வீட்டுக்கும் கதை போய்ச் சேர்ந்தது. எமில்டாவைக் கடையில் கண்ட மனைவி அருள்நாயகி, அவன் சப்பாத்துக் கழற்ற முதலே கேட்டாள்: "நீங்களோ அமத்தினது?"

"ஓம்."

"முழுகிட்டுச் சாப்பிடுங்கோ."

"நாளாந்தம் குளிக்கிறனான்தானே."

"இண்டைக்கு முழுகுங்கோ" என்றாள் மனைவி. பிறகு, துவாயை எடுத்துக் கொடுத்தபடி, "கதவடியில எங்கட போன வருசக் கலண்டர் நிக்குது. நாளைக்குப் போகேக்க அதையும் கொண்டு போங்கோ."

அடுத்த கிழமை பெல்ற்றில் ஒரு சரஸ்வதி வந்தாள். காலடியில் சாக்கு இல்லை. தவமணி தகரப் பட்டியைக் கிழித்து, முகத்தைத் துடைத்து, கண்ணில் ஒற்றி, தாளைத் தனக்குப் பின்னால் இருந்த கைபிடிக் கம்பியில் தொங்கவிட்டாள். சச்சிதானந்தன் அந்தப் பக்கம் நடந்து வரும்வரை அது அங்கே தொங்கியது. அவன் எடுத்தான். பெல்ற்றின் முடிவுவரை நடந்து போய்ப் பேலரின் குழிக்குள் போட்டான். அதன் பிறகு அதுதான் வழமை. பெண்கள் கம்பியில் தொங்கவிடுவார்கள்; அவன் சேர்த்து எடுத்துக்கொண்டு போவான். கயிற்றை யாரும் இழுக்கவில்லை. அறை நிறையவில்லை. கொடுத்த வாக்கை அவன் தன் முழங்கால்களால் காப்பாற்றினான்.

வெளியிலும் செய்தி பரவியது. மல்வேர்ன் பிளாசாவில் முன்பின் தெரியாத ஒருவர் காரை மறித்து, "நீங்கள்தானே அண்ணை உதுகளைச் செய்யிறனீங்கள்?" என்று கேட்டு, பின் சீற்றில் கலண்டர்க் கட்டொன்றை வைத்துவிட்டுப் போனார். மார்க்கம் நகரில் புது வீடு வாங்கிய ஒரு தம்பதி அவன் வீட்டைத் தேடி வந்து, உடைந்த கண்ணாடிச் சட்டத்தோடு நடராசரைக் கொடுத்தார்கள். வாசலுக்கு உள்ளே வரவில்லை; நேரமில்லை என்றார்கள். மாசி முடிவில் செல்வரட்ணம் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, எங்கட அந்த அறை..."

"கொண்டு வாங்கோ அண்ணை. சனிக்கிழமை."

"உமக்குப் புண்ணியம்."

புண்ணியமோ பாவமோ, அவனுக்கு அது இன்னொரு சனிக்கிழமை. பட்டனை அமத்தும்போது இப்போதெல்லாம் அவன் வாயும் மெல்ல அசையத் தொடங்கியிருந்தது. நம்பிக்கையால் இல்லை. தவமணி அன்று சொன்ன அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கவில்லை.

பங்குனியில் குடிவரவு அலுவலகத்திலிருந்து ரெலிபோன் வந்தது. ஓம், இங்கேதான் வேலை செய்கிறார். ஓம், நிரந்தரம். ஓம், நல்ல வேலைக்காரி. சச்சிதானந்தன் ஆங்கிலத்தில் மூன்று தடவை ஓம் சொன்னான். வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்த் தவமணியிடம் சொன்னான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சித்திரையில், கடைசி ஸ்நோ கரைந்து கொட்டகையின் கூரை ஒழுகிய ஒரு நாள், எங்கிருந்தோ பிந்திவந்த ஒரு முருகன் பெல்ற்றில் ஏறி வந்தான். தவமணி எடுத்துத் துடைத்தாள். கண்ணில் ஒற்றினாள். பின்னால் திரும்பி, கைபிடிக் கம்பி நனைந்து சொட்டுவதைக் கண்டாள். கொஞ்ச நேரம் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சச்சிதானந்தன் பக்கத்தில்தான் நின்றான்.

"துவாரகாவை இன்ரவியூக்குக் கூப்பிட்டிருக்கினம்" என்றாள், பெல்ற்றைப் பார்த்தபடி.

"எப்ப?"

"வாற மாதம்." பிறகு படத்தை நீட்டினாள். கம்பிக்கு இல்லை, மேசைக்கு இல்லை, அவன் கைக்கு. "ஈரம் படாமல் கொண்டு போங்கோ அண்ணை."

அவன் வாங்கினான். ஜக்கெற்றின் உள்ளே, நெஞ்சோடு வைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கிய தரையில் கால்பார்த்து, பேலர் பக்கம் நடந்தான்.